குடல் நலமும் மக்கள் உணவும்: ஒரு சமூக விஞ்ஞான நோக்கு

'குடல் நலம்' என்னும் தொடர் அண்மைக் காலத்தில் ஒரு வணிகச் சொல்லாகவே மாறிவிட்டது. கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் உள்ள பெரிய மருந்துக் கடைகளில், உயிருள்ள பற்றீரியாக்கள் அடங்கியவை எனக் கூறப்படும் மாத்திரைகளும், நார்ப்பொருள் தூள்களும், சீனி சேர்த்த புளித்த பால் வகைகளும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. இவற்றை வாங்குவோர் யார், வாங்க இயலாதோர் யார், வாங்க இயலாதோர் உண்மையில் எதனை இழக்கின்றனர் ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. உடலியலும் நுண்ணங்கியியலும் இத்துறையில் நிறுவியிருப்பவை எவை, வணிகம் அவற்றின்மீது ஏற்றிக் கூறுபவை எவை என்பதைப் பிரித்தறிந்து, எமது நாட்டு மக்களின் உணவு இவற்றுள் எங்கு நிற்கின்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் உண்ணும் மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சமிபாடடைந்து உறிஞ்சப்பட்டு விடுகின்றது. எமது நொதியங்களால் உடைக்க இயலாத எச்சமே பெருங்குடலைச் சென்றடைகின்றது. அங்கு அதனை எதிர்கொள்வது ஒரு பெரும் நுண்ணங்கிச் சமுதாயம். மனித உடலிலுள்ள கலங்களைப் போலப் பத்து மடங்கு பற்றீரியாக்கள் எம்முள் வாழ்கின்றன என்ற கணக்கு நெடுங்காலமாகப் பாடநூல்களில் இடம்பெற்று வந்தது. இசுரவேலின் வைசுமன் நிறுவகத்தைச் சேர்ந்தோர் 2016 ஆம் ஆண்டில் அதனை மீளாய்வு செய்து, மனிதக் கலங்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி, பற்றீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி எனத் திருத்தினர். அவற்றின் மொத்த நிறை 200 கிராம் அளவே. எனினும் அவை ஆற்றும் பணி அந்நிறையோடு ஒப்பிடத்தக்கதன்று.

இவ்வுயிரிகள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து அசற்றிக்கமிலம், புறோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. பெருங்குடலின் அகவணிக் கலங்கள் தமக்குரிய சக்தியின் பெரும்பகுதியைக் குருதியிலுள்ள குளுக்கோசிலிருந்தன்றி இப்பியூற்றிரிக்கமிலத்திலிருந்தே பெறுகின்றன என்பது 1980 ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. அஃதாவது, பெருங்குடற் சுவருக்கு உணவூட்டுவது நாம் நேரடியாக உறிஞ்சும் உணவன்று; நாம் சமிக்க இயலாமல் விட்ட உணவேயாகும். நார்ப்பொருள் கிடைக்காதபோது நிகழ்வதை எலிகளில் நடாத்தப்பட்ட ஓர் ஆய்வு 2016 இல் காட்டியது. பசியுற்ற பற்றீரியாக்கள் குடற் சுவரைப் பாதுகாக்கும் சளிப்படலத்தையே உண்ணத் தலைப்பட்டன. படலம் மெலியவே நோய்க்கிருமிகள் எளிதில் ஊடுருவின. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் தகாது. ஆயினும் குடல் நலம் என்பது முதற்கண் உணவு கிடைக்கும் பிரச்சினை என்பதை இது உணர்த்துகின்றது.

பெருங்குடலைச் சென்றடையும் இவ்வுணவு யாது? கீரைத் தண்டின் நாரும் தானியத்தின் தவிடும் மட்டுமே அன்று. பயறு, கௌபி, உளுந்து ஆகியவற்றில் சிறுகுடல் உடைக்க இயலாத குறுகிய சீனிச் சங்கிலிகள் உள்ளன. பருப்பு வகைகளை உண்டபின் வாயு உண்டாவதன் காரணம் அதுவே. அவ்வாயுவை ஒரு நோயாகக் கருதிப் பருப்பைத் தவிர்ப்போர் எம்மிடையே பலர் உளர். நொதித்தல் ஒழுங்காக நடைபெறுகின்றது என்பதன் அறிகுறியே அது. அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் சில வாரங்களில் உடல் பழகிக்கொள்ளும். வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள இனுலின் இவ்வகையைச் சார்ந்ததே.

மாப்பொருளிலும் ஒரு பகுதி சமிபாட்டுக்கு இணங்காது எஞ்சுகின்றது. 1982 இல் இதற்கு 'எதிர்ப்பு மாப்பொருள்' எனப் பெயரிடப்பட்டது. பச்சை வாழைக்காயிலும் பருப்பு வகைகளிலும் இது மிகுதி. சமைத்து ஆறவைத்த சோற்றிலும் கிழங்கிலும் மாப்பொருட் சங்கிலிகள் மீண்டும் இறுகுவதால் இதன் அளவு சிறிது கூடும். புழுங்கலரிசி பச்சையரிசியை விட இவ்வகையில் ஓரளவு மேம்பட்டதாதற்கும், நெல்லை அவித்து உலர்த்தும்போது நிகழும் இம்மாற்றம் ஒரு காரணம். கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த இருவர், அரிசி வேகும் நீரில் தேங்காயெண்ணெய் சேர்த்துப் பின்னர் சோற்றைப் பன்னிரண்டு மணித்தியாலம் குளிரூட்டினால் எதிர்ப்பு மாப்பொருள் பெருமளவு கூடுகின்றது என 2015 ஆம் ஆண்டு அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டமொன்றில் எடுத்துரைத்தனர். உலகப் பத்திரிகைகள் அதனை 'மெலிய வைக்கும் சோறு' என்று பறைசாற்றின. அது ஆய்வுகூடத்தில் அரிசியை அளந்து கண்ட முடிவேயன்றி மனிதரில் நிறுவப்பட்ட முடிவன்று.

உணவுக்கும் பெருங்குடலுக்குமுள்ள தொடர்பை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் உகண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய ஐரிசு அறுவை மருத்துவர் தெனிசு பேர்க்கிற்று ஆவார். பிரித்தானிய மருத்துவமனைகளில் நாளாந்தம் காணப்பட்ட குடல்வால் அழற்சி, குடற்பைகள், பெருங்குடற் புற்றுநோய் ஆகியன ஆபிரிக்கக் கிராமத்தவரில் மிக அரிதாக இருந்ததை அவர் அவதானித்தார். 1972 இல் அவரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட அளவீடுகளின்படி, உண்ட உணவின் எச்சம் உகண்டாக் கிராமத்தவரின் உடலை ஏறத்தாழ 35 மணித்தியாலத்தில் கடந்தது. பிரித்தானியரில் அதற்கு இருமடங்குக்கு மேற்பட்ட நேரம் பிடித்தது. மலத்தின் நிறையோ நான்கு மடங்கு வேறுபட்டது. பேர்க்கிற்றின் கூற்றுக்கு மறுப்புகளும் எழுந்தன. இரு சமுதாயங்களுக்கிடையே நார்ப்பொருள் மட்டுமா வேறுபடுகின்றது என்ற வினா நியாயமானதே. கோதுமைத் தவிட்டை மேலதிகமாக உண்ணச் செய்து பெருங்குடலில் கட்டிகள் மீண்டும் தோன்றுகின்றனவா எனப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனை 2000 ஆம் ஆண்டில் பயன் எதனையும் காட்டவில்லை. ஆயினும் நீண்டகால ஆய்வுகள் 185 ஐயும் பரிசோதனைகள் 58 ஐயும் ஒருங்குசேர்த்து 2019 இல் வெளிவந்த மதிப்பீடு, நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை நார்ப்பொருள் உண்போரில் இருதய நோய், நீரிழிவு, பெருங்குடற் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாகவே காணப்பட்டன எனக் கண்டது. தவிட்டைத் தனியே பிரித்துத் தூவுவதன் பயனும் முழு உணவை உண்பதன் பயனும் ஒன்றல்ல என்று நாம் இவ்விரண்டையும் இணைத்துப் பொருள் கொள்ளலாம்.

2015 இல் வெளியான மற்றுமோர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் பிற்சுபேர்க்கைச் சேர்ந்த கறுப்பினத்தவர் இருபதின்மரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் இருபதின்மரும் தத்தம் உணவை இரு வாரங்களுக்கு மாற்றிக்கொண்டனர். நார்ப்பொருள் மிகுந்த ஆபிரிக்க உணவை உண்ட அமெரிக்கரில் பியூற்றிரிக்கமிலம் கூடிக் குடற்சுவர் அழற்சியின் அறிகுறிகள் குறைந்தன. அமெரிக்க உணவை உண்ட கிராமத்தவரில் இதற்கு மாறானது நிகழ்ந்தது. பதினான்கு நாட்களில் இவ்வாறாயின், ஒரு நாட்டின் உணவு இரண்டு மூன்று தலைமுறைக் காலம் மாறிவரும்போது நிகழ்வது யாது?

இவ்வினா எமக்கு அயலானதன்று. ஈழத்துத் தமிழரின் பழைய உணவில் குத்தரிசியும் குரக்கனும் சாமியும், ஒடியலும், மரவள்ளியும், முருங்கையிலையும், பயறும் உளுந்தும் பெரும்பங்கு வகித்தன. மலாயாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயினால் பெருந்தொகையாக மாண்டபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோயினின்றும் பெரிதும் தப்பியிருந்தனர். விற்றமின் என்னும் கருத்துருவம் தோன்றுவதற்கு உதவிய அவதானிப்புகளுள் இதுவும் ஒன்று. தானியத்தை எவ்வாறு பதப்படுத்துகின்றோம் என்பது உயிர்ப்பிரச்சினையாகலாம் என்பதை எம்மக்களின் சட்டியும் பானையும் அன்றே காட்டின.

பின்னர் கோதுமை மா வந்தது. அமெரிக்கா தனது மிகை விளைச்சலை வெளிநாடுகளில் தீர்ப்பதற்கு 1954 இல் இயற்றிய சட்டத்தின் கீழ் மலிவாக வந்த மாவும், 1980 இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரும் மா ஆலையும் பாணை நகர மக்களின் காலை உணவாக நிலைபெறச் செய்தன. 1970 களின் நடுப்பகுதியில் உணவு இறக்குமதி சுருங்கி மக்கள் பாணுக்காக வரிசையில் நின்றதையும் மரவள்ளிக்கு மீண்டதையும் மூத்த தலைமுறை மறக்கவில்லை. மலையகத் தோட்டங்களிலோ கோதுமை மா ரொட்டியே தொழிலாளரின் பிரதான உணவாயிற்று. வெள்ளை மாவில் முழுக் கோதுமையின் நார்ப்பொருளில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே எஞ்சுகின்றது. எனவே உணவு மாற்றம் என்பது நாவின் சுவை மாறிய கதை மட்டுமன்று. சந்தையும் அரசும் தோட்ட நிர்வாகமும் தீர்மானித்த ஒன்று. தொழிலாளியின் அறியாமையே இதற்குக் காரணம் எனக் கூறும் சுகாதாரப் பிரசாரங்கள் இவ்வரலாற்றை மறைத்துவிடுகின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய உணவைப் போற்றும் ஆர்வத்தில் பழைய வறுமையையும் போற்றிவிடலாகாது. கூழ் குடித்த தலைமுறை அதனை விரும்பித் தெரிந்தெடுத்த தலைமுறையன்று. மேலும், மரபு உணவு யாவும் தன்னியல்பாகவே நன்மை பயப்பன அல்ல. ஒடியல் மாவை நீரிலூறவைத்துக் கசப்பு நீக்கிய பின்னரே எம்மூதாதையர் உண்டனர். மரவள்ளியையும் திறந்த பாத்திரத்தில் நன்கு அவித்தனர். அனுபவம் கற்பித்த இத்தகைய செய்முறைகளை விட்டுவிட்டு 'இயற்கை உணவு' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

இனி, புளித்த உணவுகளுக்கு வருவோம். பாரிசிலுள்ள பாசுற்றர் நிறுவகத்தில் பணிபுரிந்தவரும் 1908 இல் நோபல் பரிசு பெற்றவருமான மெச்சினிக்கோவு, பெருங்குடலில் உணவு அழுகுவதாலேயே முதுமை விரைகின்றது என்றும், பல்கேரிய உழவரின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ட தயிரே காரணம் என்றும் கருதினார். அக்கருத்துக்கு விபரீத விளைவும் இருந்தது. குடல் அழுகலே நோய்க்கு மூலம் என்ற அக்கால நம்பிக்கையினால் தூண்டப்பெற்று, இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆபத்நட்டு லேன் மலச்சிக்கலுக்காக நோயாளரின் பெருங்குடலையே அகற்றத் துணிந்தார்! மற்றொருபுறம் யப்பானில் சிரோட்டா 1930 இல் பிரித்தெடுத்த பற்றீரியா 1935 முதல் புளித்த பாற் பானமாக விற்பனைக்கு வந்து உலகு தழுவிய தொழிலாயிற்று. இன்றைய மாத்திரைகளின் மூதாதை அதுவே.

புளித்த உணவு பயனுடையது என்பதற்கு இன்று மெச்சினிக்கோவின் ஊகத்தை விட உறுதியான சான்று உண்டு. இசுற்றான்போட்டுப் பல்கலைக்கழகத்தில் 36 பேர் பங்குகொண்டு 2021 இல் வெளியான ஆய்வில், தயிர், புளித்த பால், புளித்த மரக்கறி ஆகியவற்றை நாள்தோறும் உண்டோரின் குடல் நுண்ணங்கி வகைகள் பெருகின. குருதியில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. நார்ப்பொருள் மட்டும் கூட்டி உண்ட பிரிவினரில் அக்குறுகிய காலத்தில் வகைகள் பெருகவில்லை. சிறிய ஆய்வேயெனினும், நாரும் புளிப்பும் ஒன்றுக்கொன்று மாற்றீடாகா என்பதற்கு இது சான்று.

எமது உணவுகளுள் உயிருள்ள நுண்ணங்கிகளை வழங்குவன எவை? தோசையும் இட்டலியும் அப்பமும் புளிக்க வைத்தே ஆக்கப்படுகின்றன. ஆனால் சட்டியின் வெப்பத்தில் அவ்வுயிர்கள் மாண்டுவிடுகின்றன. அதனால் அவை பயனற்றன என்பதன்று. புளிக்கும்போது தானியத்திலுள்ள பைற்றிக்கமிலம் குறைந்து இரும்பு முதலிய கனியங்கள் எளிதில் உறிஞ்சப்படும் நிலை உண்டாகின்றது. உயிருடன் குடலை அடையும் வாய்ப்புள்ளவை தயிரும் மோரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும் ஆகும். மட்டக்களப்பு எருமைத் தயிர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சீனியும் நிறமும் கலந்து சிறு கோப்பைகளில் விற்கப்படும் 'யோகட்' அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. இரவு முழுவதும் நீரிலூறிய சோற்றில் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் பெருகுகின்றன. ஆனால் அதில் விற்றமின்களும் இரும்பும் எத்தனையோ மடங்கு பெருகும் எனப் பரப்பப்படும் எண்களை நாம் அவதானத்துடன் நோக்க வேண்டும். வெளியிலே நெடுநேரம் சூட்டுடன் கிடந்த சோறு நஞ்சாகலாம். நீருற்றிப் புளிக்கவைத்த சோறு வேறு, பழுதான சோறு வேறு.

மாத்திரைகளின் நிலை யாது? உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001 இல் அளித்த வரைவிலக்கணத்தின்படி, உயிருடன் இருத்தல், போதிய அளவில் இருத்தல், உண்பவருக்கு நன்மை விளைவித்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினாலன்றி ஒரு பற்றீரியாவை 'நலம் பயக்கும் நுண்ணங்கி' எனல் தகாது. அமெரிக்காவின் இரைப்பை குடல் நோய் நிபுணர் சங்கம் 2020 இல் கிடைத்த சான்றுகளை ஆராய்ந்து, குடல் எரிச்சற் கூட்டுநோய், குரோன் நோய் முதலியவற்றுக்கு இவற்றைப் பரிசோதனைச் சூழலுக்கு வெளியே பரிந்துரைக்க ஆதாரம் போதாது எனக் கூறியது. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோயைத் தடுத்தல் போன்ற ஒரு சில நிலைமைகளில் மட்டும், குறிப்பிட்ட இனங்களை நிபந்தனையுடன் ஏற்றது. நுண்ணுயிர்கொல்லி மருந்து உண்டபின் இம்மாத்திரைகளை உட்கொள்வது நன்று என்பது பரவலான நம்பிக்கை. 2018 இல் வெளியான ஓர் ஆய்விலோ, அவ்வாறு உட்கொண்டோரின் சொந்த நுண்ணங்கிகள் மீள்வது தாமதமாயிற்று. ஒன்றும் உட்கொள்ளாதோர் விரைவில் மீண்டனர். தடிமனுக்கும் இருமலுக்கும் கடையில் கேட்டு நுண்ணுயிர்கொல்லி வாங்கியுண்ணும் பழக்கத்தைக் கைவிடுவது எந்த மாத்திரையை விடவும் குடலுக்கு நன்மை தரும். குறைநிரப்பிகளுள் உறுதியான சான்றுடையது இசப்புக்கோல் உமி எனலாம். நிறைய நீருடன் உட்கொண்டால் மலச்சிக்கலுக்கு அது உதவுகின்றது. மலத்தில் குருதி, காரணமற்ற உடல் மெலிவு, நாட்பட்ட வயிற்றோட்டம் ஆகியன உணவினால் தீர்க்கத்தக்கன அல்ல. அவை மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை. குடல் ஒடுங்கிய நோயாளருக்கு மிகை நார்ப்பொருள் தீங்கும் விளைவிக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வயது வந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருளையும் 400 கிராம் மரக்கறி பழங்களையும் பரிந்துரைத்தது. ஒரு கோப்பை அவித்த பயற்றில் ஏறத்தாழ 15 கிராம் நார்ப்பொருள் உண்டு. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. கணக்கு எளிது. அதனை நிறைவேற்றுவதே எளிதன்று. 2022 புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது, குடும்பங்கள் முதலில் கைவிட்டவற்றுள் பருப்பும் மரக்கறியும் பழமும் அடங்கின. வயிற்றை நிரப்புவது மாவும் அரிசியுமே. குடல் நுண்ணங்கிகளுக்குரிய பங்கு பற்றாக்குறையின்போது முதலில் வெட்டுண்ணும் பங்காகும்.

பெருந்தோட்டங்களில் இந்நிலை இன்னும் கடுமையானது. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மை தோட்டப்புறங்களில் நாட்டுச் சராசரியை விட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. இத்தகைய வளர்ச்சிக் குறைவில் குடலுக்குப் பங்குண்டு என்பது இன்று வலுப்பெற்றுவரும் கருத்து. மாசடைந்த நீரும் மண்ணும் இடையறாது நுழையும்போது சிறுகுடலின் சடைமுளைகள் மழுங்கி, நாட்பட்ட அழற்சி நிலைத்து, உண்ட உணவும் உடலிற் சேராது போகின்றது. ஆனால் பங்களாதேசத்திலும் கென்யாவிலும் சிம்பாப்வேயிலும் மலசலகூடம், கைகழுவும் வசதி, குடிநீரில் குளோரீன் ஆகியவற்றை வீடுகளுக்கு வழங்கிப் பார்த்த பெரும் பரிசோதனைகளில் குழந்தைகளின் வளர்ச்சி அவற்றால் மேம்படவில்லை. இம்முடிவு சுத்தம் தேவையில்லை என்பதைக் காட்டவில்லை. வீட்டுக்கு வீடு வழங்கும் சில்லறைத் திருத்தங்கள் போதா, குழாய்நீரும் கழிவகற்றலும் தகுந்த வீடும் வேண்டும் என்பதையே காட்டுகின்றது எனப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். லயன் அறைகளை அறிந்தோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

உணவுப் பக்கத்தில் நம்பிக்கையூட்டும் செய்தி டாக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள மீர்ப்பூர்ச் சேரியில் போசாக்குக் குன்றிய, 12 முதல் 18 மாதம் வரையான குழந்தைகளுக்குக் கடலை மா, சோயா மா, கச்சான் பசை, பச்சை வாழைக்காய் ஆகியவற்றாலான உணவு மூன்று மாத காலம் கொடுக்கப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு வழக்கமாக நிவாரணத்தில் வழங்கப்படும் வகையிலான, சக்தி செறிந்த உணவு கொடுக்கப்பட்டது. 2021 இல் வெளியான முடிவின்படி, முதற் பிரிவினரின் உணவில் சக்தி குறைவாக இருந்தும் அவர்களது நிறை விரைவாகக் கூடியது. வயதுக்கேற்ப முதிராதிருந்த குடல் நுண்ணங்கிச் சமுதாயத்தைத் திருத்துவதற்கென்றே அவ்வுணவு வகுக்கப்பட்டது. அதில் மாத்திரையோ உயிருள்ள பற்றீரியாவோ இல்லை. சந்தையிலுள்ள நான்கு எளிய பொருள்களே அடிப்படை.

எமது நாட்டில் 1973 முதல் திரிபோஷா உண்டு. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றால் ஆக்கப்பட்டுத் தாய்மாருக்கும் நிறை குன்றிய குழந்தைகளுக்கும் அரச கிளினிக்குகள் மூலம் இலவசமாக வழங்கப்படும் இத்திட்டம் 2022 நெருக்கடியில் இடர்ப்பட்டாலும், தோட்டங்கள் வரை சென்றடையும் ஒரு விநியோகப் பாதையை அது உருவாக்கியுள்ளது. டாக்காவின் நான்கு பொருள்களுள் வாழையும் கச்சானும் சோயாவும் இங்கு விளைகின்றன. கடலை மட்டுமே பெரும்பாலும் கப்பலில் வருகின்றது. அதற்குப் பதிலாகப் பயறோ கௌபியோ அதே பணியைச் செய்யுமா? டாக்கா ஆய்வாளர் பொருள்களை ஊகித்துச் சேர்க்கவில்லை. அக்குழந்தைகளின் நுண்ணங்கிகளை எலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் புகுத்தி ஒவ்வொன்றாகச் சோதித்தே தெரிந்தனர். எமது மலையகக் குழந்தைகளின் நுண்ணங்கிகளோடு கௌபியையும் பயற்றையும் அவ்வாறு சோதிப்பதும், கச்சானில் பூஞ்சண நஞ்சு சேராது களஞ்சியப்படுத்தும் வழியைக் காண்பதும் பேராதனையிலும் கிளிநொச்சியிலும் உள்ள விவசாய பீடங்களும் மருத்துவ பீடங்களும் இணைந்து மேற்கொள்ளத்தக்க வேலையாகும்.